கேட்கப்படுபவர் யார்? சிங்கப்பூர்த் தமிழர் சமய வாழ்வில் அதிகாரத்தின் இருப்பிடம்

சமய அதிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஆணையிடுபவரிடமிருந்தே தொடங்குகிறது. வேதமா, ஆகமமா, குருவா, அரசா, ஆலய நிர்வாகமா என்று ஆணை பிறக்கும் இடங்களை வரிசைப்படுத்தி, அவற்றுள் எது மேல், எது கீழ் என்று தரம் பிரித்துக் காட்டியதும் அது நிறைவு கொண்டுவிடுகிறது. ஆனால் புக்கிட் பாத்தோக்கின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஓராண்டுச் சமய நடப்பைக் கூர்ந்து நோக்கினால், அங்கு எவரும் ஆணையிடும் தருணங்கள் மிகக் குறைவு என்பதும், யாரேனும் ஒருவர் மற்றொருவரிடம் சென்று ‘இதைச் செய்யலாமா, எப்போது செய்யலாம், யார் செய்யலாம்’ என்று கேட்கும் தருணங்களே மிகப் பல என்பதும் புலப்படும். இச்சொற்பொழிவு அக்கேள்விகளின் பின்னே செல்ல முற்படுகிறது. ஐயம் எழும்போது நம்புவோர் யாரைத் தேடிச் செல்கிறார்களோ அவரிடமே, அவரைத் தேடிச் செல்லும் அந்தக் கேள்வியின் எல்லைக்குள் மட்டுமே, சமய அதிகாரம் தங்குகிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

வலிமையையும் அதிகாரத்தையும் இங்கு வேறுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விருப்பமில்லாதவரையும் பணிய வைப்பது வலிமை. ‘இவர் சொல்வதைக் கேட்பது முறை’ என்று பணிபவரே ஒப்புக்கொண்டிருப்பதால் செல்லுபடியாவது அதிகாரம். இவ்வேறுபாட்டுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, 1942-இல் போர்க்கைதிகளின் உழைப்பைக் கொண்டு, புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் ‘சியோனான் சுரெய்த்தோ’ என்னும் நினைவுத்தூணை எழுப்பியது. போரில் மாண்ட வீரர்களுக்கான வழிபாட்டிடமாக அது விளங்கியது. தலைவணங்குதல் அங்கு ஆட்சியாளரின் எதிர்பார்ப்பாக இருந்தது. 1945-இல் போர் முடிந்தபோது தூண் மறைந்தது. இன்று அவ்விடத்தில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது, மேலே செல்லும் படிக்கட்டுகள் மட்டும் எஞ்சியுள்ளன. அக்குன்றின்மேல் சென்று தம் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று இந்நகரத்து மக்களுள் எவருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத அப்பர் புக்கிட் தீமா சாலையில், குன்றின்மேல் அமைந்த முருகன் கோயிலுக்கு, மகளின் திருமணம் தள்ளிப்போவதையும் மகனின் தேர்வையும் பற்றிக் கேட்க மக்கள் தாமாகவே ஏறிச் செல்கின்றனர்.

ஜெர்மானியச் சமூகவியலர் மாக்ஸ் வெபர் அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தார்: எழுதப்பட்ட விதியால் வருவது, வழிவழி வந்த மரபால் வருவது, தனி ஒருவரிடம் காணப்படுவதாகக் கருதப்படும் அருளாற்றலால் வருவது. கற்றோர் அவையில் இப்பகுப்பு நூறாண்டாகப் பயன்பட்டு வருகிறது; சிங்கப்பூரின் தைப்பூசத்துக்கும் அது பொருந்தாமல் இல்லை. ஊர்வலத்துக்கான காவல்துறை உரிமம் விதி. வேலுக்கு அபிடேகம் செய்யும் குருக்கள் மரபு. காவடி ஏறும்போது மருள் வந்து ஆடுபவர் அருளாற்றல். எனினும் இப்பகுப்பு அதிகாரம் செலுத்துவோரை வகைப்படுத்துகிறதேயன்றி, கேட்க வருபவரைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரே காவடிக்காரர் ஒரே விடியலில் இம்மூவரிடமும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார். எந்தப் பாதையில் செல்வது என்பதைக் குருக்களிடம் கேட்பதில்லை, எந்த வேளையில் அலகு குத்துவது என்பதைக் காவலரிடம் கேட்பதில்லை. யாரிடம் எதைக் கேட்பது என்னும் இந்த நுண்ணறிவு எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அதில் தவறு செய்பவர் அரிது.

தமிழ் மரபு இச்சிக்கலை அறியாததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் ‘அளவை’யைப் பற்றிப் பேசுகிறது. அளவை என்பது ஒரு பொருளை உண்மை என்று அறிவதற்கான கருவி. பிறர் பத்தென எண்ணும் அளவைகளை அந்நூல் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுள் அடக்குகிறது. காண்டல் என்பது புலன்களால் நேரே அறிவது. கருதல் என்பது புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது. உரை என்பது குற்றமற்றவரின் சொல்லை ஏற்று அறிவது. சமயம் முழுவதும் இம்மூன்றாவது அளவையின்மீதே நிற்கிறது. இடரும் அங்கேதான் இருக்கிறது. உரைப்பவர் குற்றமற்றவர் என்பதை எந்த அளவையால் அறிவது? காண்டலால் அறியலாம் என்றால் உரை காண்டலுக்குக் கீழ்ப்பட்டதாகிவிடும். உரையாலேயே அறியலாம் என்றால் அவ்வுரைக்கு வேறோர் உரை சான்றாக வேண்டும், அதற்கு முடிவில்லை.

சைவ சித்தாந்த மரபு இதற்கு அளவையியல் வழியாகச் சொன்ன விடைகளைவிட, அருணந்தியாரின் வாழ்க்கை பற்றி அது பேணிவரும் வரலாறு ஆழமான விடையைத் தருகிறது. சகலாகம பண்டிதர் என்று போற்றப்பட்ட அவர், திருவெண்ணெய்நல்லூரில் சிறுவர் ஒருவர் உபதேசம் செய்வதையும் தம் மாணாக்கர் அவரை நாடிச் சென்றுவிட்டதையும் கேள்வியுற்று, அவரைச் சோதிக்கும் எண்ணத்தோடு சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாதெனக் கேட்டார். மெய்கண்டாராகிய அச்சிறுவர் விடையாக எதையும் மொழியாமல், நின்றிருந்த பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கினார் என்பதும், அந்நோக்கின் பொருளை உணர்ந்த முதியவர் அக்கணமே அவர் அடிபணிந்து மாணாக்கரானார் என்பதும் வழிவழி வரும் செய்தி. ஆகம அறிவில் இளையவர் மூத்தவரை விஞ்சியிருக்க வழியில்லை. வயதும், அச்சிறுவரின் குடும்பத்துக்கே குரு என்னும் நிலையும் அருணந்தியார் பக்கமே இருந்தன. எல்லாம் இருந்தும், கேள்வியைக் கேட்பவர் இடத்துக்கு அவர் வந்துவிட்டார், அதிகாரம் அந்த இடமாற்றத்தோடு கைமாறிவிட்டது. அடுத்த நூற்றாண்டில் தில்லைவாழ் அந்தணருள் ஒருவராகிய உமாபதி சிவாசாரியார், மறைஞான சம்பந்தரைக் குருவாக ஏற்றமைக்காகத் தம் குலத்தாரால் விலக்கப்பட்டு, தில்லைக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ நேர்ந்தது. கோயில் அதிகாரம் முழுவதும் விலக்கியோர் கையில் இருந்தது. பின்னாளில் சைவர்கள் சித்தாந்த ஐயங்களுக்குப் புரட்டிப் பார்த்ததோ விலக்கப்பட்டவரின் நூல்களை.

கேள்வி தவறான இடத்துக்குச் சென்றால் நிகழ்வதற்கும் தமிழ் மரபில் சான்றுண்டு. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867-இல் ‘திருவருட்பா’ என்னும் பெயரில் அச்சேறியபோது, அருட்பா என்பது தேவாரம் முதலிய திருமுறைகளுக்கே உரிய பெயர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக மறுத்தார். வாழும் ஒருவரின் பாடல் இறையருளால் வந்ததென்று யார் சான்றளிப்பது என்பதே அப்பூசலின் உயிர்நிலை. 1869-இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றபோது, ஆங்கில அரசின் நீதிமன்றத்தால் விசாரிக்க முடிந்ததெல்லாம் ஒருவரை மற்றவர் இழிவுபடுத்திப் பேசினாரா என்பது மட்டுமே. பாடல் அருட்பாவா மருட்பாவா என்னும் வினா நீதிமன்றத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. அவ்வினாவுக்கு விடை பிறகு வேறு இடங்களிலிருந்து வந்தது: அப்பாடல்களைப் பாடிய வாய்களும் வடலூரில் அடிகள் தொடங்கிய அன்னதானத்தில் சோறு உண்ட வயிறுகளும் அதை முடிவு செய்தன.

விடுதலை பெற்ற இந்தியாவின் உச்ச நீதிமன்றம் அவ்வாறு வாயிலில் நிறுத்திவிட இயலாத நிலைக்கு வந்தது. சிரூர் மடத்து வழக்கில் 1954-இல் அது அளித்த தீர்ப்பு, ஒரு சமயத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முதன்மையாகத் துணிய வேண்டும் என்றது. ஆனால் அத்துணிவைச் செய்பவர் நீதிபதியே என்பதால், ஆகமம் கற்றவரிடம் கேட்கப்பட்டு வந்த கேள்விகள் அன்றுமுதல் வழக்குரைஞர் வழியே நீதிபதியை அடையலாயின. பரம்பரை அர்ச்சகர் முறையைத் தமிழ்நாடு அரசு நீக்கியதைப் பற்றிய சேஷம்மாள் வழக்கில், 1972-இல், அர்ச்சகரை நியமிப்பது உலகியற் செயல் என்றும் நியமிக்கப்பட்டவர் செய்யும் பூசை சமயச் செயல் என்றும் நீதிமன்றம் வகுத்தது. அறிவார்ந்த பிரிப்புதான்; ஆயினும் கருவறைக்குள் நுழையும் ஒருவரின் எந்த அடி உலகியல், எந்த அடி சமயம் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்னும் கொள்கைப்படி பயிற்சி பெற்றவர்கள் பணியமர்த்தப்பட்ட 2021 ஆகஸ்டு 14 வரை, ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் இவ்வினா நீதிமன்றங்களுக்கும் தலைமைச் செயலகத்துக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தது.

சிங்கப்பூர் இதில் வேறு வழியில் சென்றது. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827-இல் நாராயண பிள்ளையின் முயற்சியால் அத்தாப்புக் குடிலாக எழுந்த காலத்தில், கோயிலைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அதைக் கட்டியவரும் அவரைச் சூழ்ந்த சமூகத் தலைவர்களும் விடை சொன்னார்கள். புதிதாய்க் கப்பலிறங்கியவரின் வேலை, தங்குமிடம், திருமணம் ஆகியவற்றுக்கும் அவர்களே விடை சொன்னார்கள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திவந்த கோயில் மேற்பார்வையிலிருந்து 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆங்கில அரசு விலகிக்கொண்டிருக்க, நீரிணைக் குடியேற்றங்களில் அதே அரசு 1905-இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கான அவசரச் சட்டத்தை இயற்றி, இரு சமயத்தார் அறநிலையங்களையும் ஒரே வாரியத்தின்கீழ்க் கொண்டுவந்தது. குடியரசான பின் 1968-இல் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின்படி இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்தது. மாரியம்மன் கோயில், சிராங்கூன் சாலையின் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில், சிவன் கோயில், வைராவிமட காளியம்மன் கோயில் ஆகிய நான்கும் அதன் நேர் நிர்வாகத்தில் உள்ளன. உறுப்பினர்களை அமைச்சர் நியமிக்கிறார். ஏனைய கோயில்கள், பதிவு செய்யப்பட்ட சங்கங்களாகத் தத்தம் செயற்குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

வாரியத்தின் அதிகாரம் எத்தகையது என்பதை ஓர் ஒப்பீடு தெளிவாக்கும். 1966-ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி அமைந்த முயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றத்தில், அதிபரால் நியமிக்கப்படும் முஃப்தியும் அவர் தலைமையில் ஃபத்வா குழுவும் உள்ளனர். ஃபத்வா என்பது சமயச் சட்டம் பற்றிய வினாவுக்குக் கற்றறிந்தோர் அளிக்கும் விடை. மாண்டவரின் உறுப்பை, அவர் மறுப்புத் தெரிவித்திராவிட்டால், மாற்று அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 1987-இல் வந்தபோது முஸ்லிம்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2007-இல் ஃபத்வா குழு அதை ஏற்கலாம் என்று விடையளித்த பின்னரே, 2008-இல் சட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த இருபதாண்டிலும் இந்துக்கள் தொடக்கம் முதலே சட்டத்துக்கு உட்பட்டிருந்தனர். உடலுறுப்பை எடுத்துவிட்டால் மறுபிறவியிலோ பிதிர்க்கடனிலோ குறை நேருமா என்னும் கேள்வி அவர்களுக்குள் எழவில்லை என்பதில்லை. அதைச் சமூகம் முழுவதற்குமாகக் கேட்டு, முழுவதற்குமாக விடை பெறத்தக்க ஓர் இருக்கை இந்து சமயத்தில் இல்லை. இதை உரிமையென்று கொள்வோரும் உண்டு, குறையென்று வருந்துவோரும் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றுப் பரவலின்போது பள்ளிவாசல்களை மூடும் முடிவை முயிஸ் தன் குரலில் அறிவித்தது. கோயில்கள் சில நாள் கழித்து அரசின் பொதுக் கட்டளைப்படி மூடப்பட்டன. விளைவு ஒன்றே, விடை வந்த திசை வேறு.

வாரியமோ செயற்குழுவோ ஆகமம் பற்றிய வினாவுக்குத் தானே விடை சொல்வதில்லை, குருக்களைக் கேட்கிறது. அக்குருக்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை அனுமதியில் வந்தவர். அவரைப் பணியமர்த்தியதும், அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பதும், தங்கும் அறைக்கு ஏற்பாடு செய்வதும் அதே செயற்குழு. கேட்பவரே சம்பளமும் கொடுப்பவராக இருக்கும் இந்நிலையில், ‘அது ஆகமத்தில் இல்லை’ என்று சொல்ல ஒரு குருக்களுக்குத் துணிவு வேண்டியிருக்கிறது. பெரும்பாலான குருக்கள் அச்சொற்களைச் சொல்லாமலே காரியத்தை நடத்தும் கலையைக் கற்றிருக்கிறார்கள் என்பதும், ‘செய்யலாம், ஆனால் இந்த நாளில் வேண்டாம்’ என்னும் விடையில் பல கோயில்களின் ஆகம ஒழுங்கு காக்கப்பட்டு வருகிறது என்பதும் இந்நகரத்துக் கோயில்களோடு பழகியோர் அறிந்ததே. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் குடமுழுக்கின்போது நிலைமை சிறிது மாறும். அப்போது தமிழ்நாட்டின் ஆகமப் பாடசாலைகளிலிருந்து மூத்த ஆசாரியர் வரவழைக்கப்படுகிறார். அவர் சில நாளில் திரும்பிவிடுபவர் என்பதாலேயே, யாகசாலையின் குண்டங்கள் எத்தனை என்பது முதல் எவர் கையில் கடம் கொடுப்பது என்பது வரை அவர் சொல் கேள்வியின்றி நடைபெறுகிறது. கணக்கு வழக்கில் ஐயம் எழுந்தால் வினவுபவர் அறநிறுவன ஆணையர். 2018-இல் சிராங்கூன் சாலைக் கோயிலொன்றின் நிர்வாகத்தைப் பற்றி ஆணையர் விசாரித்தபோதும், ஆறு காலப் பூசை எவ்விதம் நடந்தது என்பது அவ்விசாரணையின் பொருளாகவில்லை.

கோயிலைவிட்டு வீட்டுக்கு வந்தால் கேள்விகள் பெருகுகின்றன. எடுத்துக்காட்டாக, மார்கழியில் ஒரு மரணம் நேர்ந்த வீட்டைக் கொள்ளலாம். புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்தலிட்டு உடலைக் கிடத்தியிருக்கும்போது சடங்கு நடத்துபவர் கோயில் குருக்கள் அல்லர், ஈமக்கடன் செய்விப்பதற்கென்றே இருப்பவர்; நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளை அவர் வரிசையாக நிறுத்துகிறார், தலைப்பிள்ளையை எந்தத் தோளில் பானை சுமக்கச் சொல்ல வேண்டும் என்பதை அவர் சொல்கிறார், பெரியம்மா ஒருவர் ‘நம்ம வழக்கம் அப்படியில்லை’ என்று இடைமறித்தால் மறுப்பின்றி மாற்றிக்கொள்கிறார். மண்டாய் தகனச் சாலையில் நேரத்தை நிர்ணயிப்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் முன்பதிவு. இராகு காலத்தில் நேரம் அமைந்துவிட்டால் அதைத் தாண்டிச் செல்ல வீட்டார் ஒரு வழி காண்கிறார்களேயன்றி முன்பதிவோடு வாதாடுவதில்லை. சாம்பலைக் கடலில் கரைப்பதற்கு இடம் காட்டுவதும் அரசே. ஓடும் நீர் வேண்டும் என்பது மரபு. எந்த நீர் என்பது விதி. இவ்விரண்டும் ஒன்றையொன்று தீண்டாமல் சாங்கி கடற்கரையின் விடியற்காலையில் அருகருகே நடந்துசெல்கின்றன.

அந்த வீட்டின் மகன் வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக முன்னரே நேர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? ஓராண்டுக்குக் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்பார் வீட்டுப் பெரியவர். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து புண்ணியாகவாசனம் செய்துவிட்டால் தீட்டு நீங்கியது என்பார் குருக்கள். பால்குடம் எடுக்கலாம், அலகு வேண்டாம் என்பார் காவடிக் குழுவின் மூத்தவர். சுவரில் தொங்கும் நாட்காட்டியோ சுப நாளையும் இராகு காலத்தையும் சொல்லிவிட்டு வாய்மூடிக்கொள்கிறது. அதிலும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்னும் இரண்டும் வெவ்வேறு கணக்கு வைப்பதுண்டு. முன்னது பழஞ்சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது, பின்னது கோள்களின் கண்டறியப்பட்ட நிலையோடு ஒத்துப்போகத் திருத்தப்பட்டது. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தபோது, தாங்கள் வாக்கியத்தையே பின்பற்றுவதாகவும் அவ்வாண்டில் பெயர்ச்சி இல்லையென்றும் திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. கோள் எங்கே நிற்கிறது என்பதிலேயே இரு விடைகள் நிலவும்போது, தீட்டுக்கு மூன்று விடைகள் கிடைப்பது வியப்பன்று. வியப்பு, அம்மூன்றனுள் ஒன்றைத் தெரிவு செய்பவர் யார் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் அது தாய். அவர் மூவருள் எவரோடும் முரண்படுவதில்லை. ஒரு வெள்ளி நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தின்முன் வைத்து, அடுத்த ஆண்டு செலுத்துவதாகச் சொல்லிவிடுகிறார். கேள்வி அத்துடன் மனிதரைவிட்டு நீங்கி, நேர்த்தியை ஏற்றவனிடமே போய்ச் சேர்கிறது.

வீவக வீடுகளுள் சிலவற்றில் நடைபெறும் சாமியாட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே. முனீஸ்வரரோ பெரியாச்சியோ காளியோ ஒருவர்மேல் இறங்கி வாக்குச் சொல்லும் அவ்விடங்களில் எலுமிச்சையும் சுருட்டும் சாம்பிராணியும் உண்டு, ஆகமம் கிடையாது. சிங்கப்பூரின் முனீஸ்வரர் வழிபாட்டை ஆராய்ந்து 2005-இல் நூல் வெளியிட்ட சமூகவியல் அறிஞர் வினீத்தா சின்ஹா, கோயில்கள் ஆகமமுறைக்கு மாறிவரும் அதே காலத்தில் அதற்கு வெளியே இவ்வழிபாடு செழித்துவருவதை விரிவாகக் காட்டினார். இரயில்வே தொழிலாளர் மரத்தடியில் நட்ட தெய்வம் குவீன்ஸ்டவுனில் கோபுரம் பெற்றுக் குடமுழுக்குக் கண்டிருக்கிறது. அங்கு சிவாசாரியார் பூசை செய்கிறார். ஆயினும் வேலை போனவர், பிள்ளை வழிதவறியவர், மருத்துவர் கைவிரித்தவர் ஆகியோரின் கேள்விகளுக்குக் கருவறையிலிருந்து குரலாக விடை வருவதில்லை. வாக்குச் சொல்பவரிடம் வருவோருள் சீனரும் உண்டு. அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் அளிக்கவில்லை, எந்தக் குருவும் தீட்சை கொடுக்கவில்லை. மூன்று வாரம் தொடர்ந்து வாக்குப் பலிக்காவிட்டால் நான்காம் வாரம் கூடம் காலியாக இருக்கும். இத்தனை கடுமையான சோதனைக்கு முஃப்தியும் மடாதிபதியும் அமைச்சரும் உட்படுத்தப்படுவதில்லை.

தைப்பூசம் இவ்வெல்லாக் கேள்விகளும் ஒரே சாலையில் இறங்கும் நாள். 1968 வரை பொது விடுமுறையாக இருந்த அந்நாள் இன்று வேலைநாள். பெருமாள் கோயிலிலிருந்து தேங் சாலையின் தெண்டாயுதபாணி கோயில் வரை செல்லும் ஊர்வலத்துக்குக் காவல்துறை உரிமம் வேண்டும். 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்துவந்தது. உறுமியும் தவிலும் இன்றி அலகுக் காவடி சுமப்பது எப்படி என்பது இசை பற்றிய கேள்வியே அன்று. வலியைத் தாங்குவது எதனால் என்பது பற்றியது. பொது ஒழுங்கைக் காக்க வேண்டியவருக்கு அவ்வாறு தோன்றியிருக்க நியாயமில்லை. 2015-இல் பக்தர்கள் சிலர் இத்தடையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்கு வழக்கைக் கொண்டுசென்றனர், அம்மனு ஏற்கப்படவில்லை. ஆனால் வாரியம் அரசோடு பேசியதன் பயனாக 2016-இல் ஹேஸ்டிங்ஸ் சாலை, ஷார்ட் ஸ்திரீட், டோபி காட் கிரீன் ஆகிய மூன்றிடங்களில் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது; பின்னர் இடங்கள் கூடின. நீதிமன்றத்திடம் உரிமையாகக் கேட்டபோது கிடைக்காதது, அலுவலக மேசையில் ஏற்பாடாகக் கேட்டபோது கிடைத்தது. இம்முறை பயனுடையது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஏற்பாடாக வருவது உரிமையாக நிலைபெறுவதில்லை என்பதும், ஒவ்வோராண்டும் அதை மீண்டும் கேட்டாக வேண்டும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை.

எவரும் கேட்காமலே முன்நிற்கும் அரசு விதியும் உண்டு. 1990-இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், பகைமை வளர்க்கும் சமயத் தலைவர்மீது அமைச்சர் தடையுத்தரவு பிறப்பிக்க வழிசெய்தது. 2019-இல் அது திருத்தப்பட்டபோது, சமய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. திருத்தம் வரும்வரை ஒரு தடையுத்தரவும் பிறப்பிக்கப்படவில்லை. உறையிலிருந்து எடுக்கப்படாத வாள் வலிமையா அதிகாரமா என்னும் வினாவை இங்கு எழுப்பலாம். சமய மேடைகளில் எதைப் பேசலாகாது என்று பேச்சாளர்கள் தாமாகவே அறிந்துவைத்திருப்பதைக் காணும்போது இரண்டும் கலந்ததென்றே சொல்லத் தோன்றுகிறது.

2021-இலும் 2022-இலும் பெருந்தொற்றின் காரணமாகக் காவடியும் ஊர்வலமும் இல்லாமல் தைப்பூசம் நடந்தது. தெண்டாயுதபாணி கோயிலில் முன்பதிவு செய்துகொண்டு, கோயிலே ஆயத்தம் செய்த பால்குடத்தை ஏந்திச் செலுத்துவது மட்டுமே அனுமதிக்கப்பட்டது. நடையில்லாத பால்குடம் நேர்த்திக்கடனைத் தீர்க்குமா? வாரியம் ஏற்பாட்டை அறிவித்தது. தீருமா தீராதா என்பதை அது சொல்லவில்லை, சொல்லவும் முற்படவில்லை. சிலர் செலுத்தியது செலுத்தியதே என்று நிறைவுற்றனர். சிலர் அதைச் செலுத்திவிட்டு, நாணயத்தை முடிந்த துணியை அவிழ்க்காமலே வைத்திருந்து, 2023 பிப்ரவரி 5 அன்று ஊர்வலம் மீண்டபோது காவடி சுமந்தனர். இரு சாராரும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள், ஒரே குருக்களிடம் திருநீறு வாங்கியவர்கள். கடன் தீர்ந்ததா என்று கேட்பதற்கு மட்டும் அவர்கள் வாரியத்திடமோ குருக்களிடமோ செல்லவில்லை. நேர்த்தி என்பது நேர்ந்தவருக்கும் தெய்வத்துக்கும் இடையிலான உடன்பாடாகையால், அதில் மூன்றாமவர் கையொப்பத்துக்கு இடமில்லை. சிங்கப்பூரின் சமய வாழ்வில் எந்த வாரியமும் எட்டாத அதிகாரம் இதுவொன்றே.

இதே அளவுகோலால் மாரியம்மன் கோயில் தீமிதியையும் நோக்கலாம். ஐப்பசியில் பூக்குழி இறங்குவதற்கு முன், கொடியேற்றம் தொடங்கிப் படுகளம் வரை பல வாரங்களாகப் பாரதக் கதையை ஒட்டிச் சடங்குகள் நடக்கின்றன. கரகம் சுமந்து முதலில் இறங்குபவர் தலைமைப் பண்டாரம். அங்கு ஆண்களே பூக்குழி இறங்குகின்றனர். பெண்கள் பால்குடம் எடுக்கின்றனர், கோயிலை வலம் வருகின்றனர். தமிழ்நாட்டின் மாரியம்மன் கோயில்கள் பலவற்றில் பெண்களும் பூக்குழி இறங்குவதால், இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கேட்கப்படுமானால் சிவாகமங்களில் விடை தேடிப் பயனில்லை, ஏனெனில் தீமிதி ஆகமத்தின் பாற்பட்டதன்று. திரௌபதி வழிபாட்டின் வழக்கம் ஊருக்கு ஊர் வேறுபடுவது. பாதுகாப்பு ஏற்பாடு என்று கொண்டால் கேள்வி வாரியத்துக்குச் செல்லும். கோயில் வழக்கம் என்று கொண்டால் பண்டாரத்திடம் செல்லும். சம உரிமை என்று கொண்டால் அரசை நோக்கிச் செல்லும். நேர்த்தி என்று கொண்டால் எவரிடமும் செல்லாது. இந்நான்கனுள் எவ்வாயிலை முதலில் தட்டுவது என்பதை, பூக்குழியின் ஓரத்தில் கணவருக்காகவும் மகனுக்காகவும் ஆண்டுதோறும் ஈரப்புடவையோடு காத்துநிற்கும் பெண்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.